ஷட்டில் கோர்ட்டுக்குக் கல்யாண செட்டிங் ஆகாது

ஆடி பிறந்தால் முகூர்த்தம் கிடையாது. கிருஷ்ணகிரியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் எனக்கு அந்த ஒரு மாதம்தான் ஷட்டில் போட்டி, பள்ளிக்கூடக் கபடி என்று கேமராவைத் தூக்கிக்கொண்டு போக நேரம் கிடைக்கும். முதல் தடவை போனபோது மண்டபத்தில் வைக்கும் செட்டிங்கையே வைத்துக்கொண்டேன். கேமராவோடு வரும் கிட் லென்ஸ், ஷட்டர் 1/125, அதாவது வினாடியில் 125இல் ஒரு பங்கு நேரம் திறந்திருக்கும். ராத்திரி கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால், பிள்ளைகளின் முகம் ஓரளவு தெரிகிறது. பேட் பிடித்த கை மட்டும் புகையாகக் கரைந்திருக்கிறது. தன் மகள் ஸ்மாஷ் அடிக்கும் படம் ஒன்றாவது வேண்டும் என்று ஓர் அம்மா கேட்டிருந்தார். கொடுக்க ஒன்றுகூட இல்லை. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஷட்டரை முடிவு செய்யுங்கள். மற்றதெல்லாம் அப்புறம். ஷட்டிலுக்கு 1/1000. வெளிச்சம் ரொம்பக் குறைவு என்றால் 1/640 வரை இறங்கலாம், அதற்குக் கீழே வேண்டாம். கபடிக்கு 1/640 போதும். சிலம்பம் மட்டும் வேறு கணக்கு: 1/200 வைத்தால் கம்பு சுழலும் வேகம் படத்தில் தெரியும், நின்று சுற்றுபவரின் முகம் அசையாமல் நிற்கும்.

அடுத்து லென்ஸ். நம் பக்கத்து ஷட்டில் அரங்கங்களில் பெரும்பாலும் தகர ஷீட் கூரை, உயரத்தில் நாலைந்து எல்.இ.டி. விளக்கு. கண்ணுக்குப் பளிச்சென்றுதான் இருக்கும். கேமராவுக்கு அது இருட்டு. எஃப் என்பது லென்ஸ் எவ்வளவு திறக்கிறது என்ற அளவு, எண் குறையக் குறையத் திறப்பு பெரிசு. 55-250 லென்ஸை முழுக்க ஜூம் செய்தால் எஃப் 5.6தான் கிடைக்கும். எஃப் 1.8 அதைவிடக் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். 70-200 எஃப் 2.8 இருந்தால் நல்லது, ஆனால் முதல் நாளே அதை வாங்க வேண்டியதில்லை. 50 மி.மீ. எஃப் 1.8, 85 மி.மீ. எஃப் 1.8 இரண்டும் இருந்தால் ஒரு போட்டியை முழுசாக எடுத்துவிடலாம்.

எது எப்போது? கிராப் சென்சார் கேமராவை (சென்சார் சிறிசாக உள்ள சாதாரண கேமரா) நிமிர்த்திப் பிடித்து ஆறு மீட்டர் தள்ளி உட்கார்ந்தால், 50இல் இரண்டரை மீட்டருக்கு மேல் உயரம் அடங்கும். எகிறி அடிக்கும் ஆள் பேட்டோடு சேர்ந்து வந்துவிடுவார். 85இல் ஒன்றரை மீட்டர்தான், இடுப்புக்கு மேலே. முகபாவத்துக்கு அதுதான். ஆனால் 85ஐ எஃப் 1.8இல் முழுசாகத் திறந்தால் அந்தத் தூரத்தில் ஃபோகஸ் ஆழம், அதாவது முன்பின்னாகத் தெளிவாக விழும் இடம், ஓர் அடி அளவுதான். நான் எஃப் 2.2 வைப்பேன்.

கேமரா வெளிச்சத்தை எவ்வளவு கூட்டிக் காட்டும் என்பதற்கான ஐ.எஸ்.ஓ. 3200, தேவைப்பட்டால் 6400. இதைக் கூட்டினால் படம் புள்ளி புள்ளியாக, கிரெய்ன்ஸோடு வரும் என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். கிரெய்ன்ஸ் உள்ள படத்தைப் பெற்றோர் பிரேம் போட்டு மாட்டுவார்கள், கை கரைந்த படத்தை யாரும் மாட்ட மாட்டார்கள். ஜன்னல் வெளிச்சம் வராத அரங்கம் என்றால் ஷட்டர், எஃப், ஐ.எஸ்.ஓ. மூன்றையும் மேனுவலில் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். ரா ஃபைலில் (கேமரா திருத்தாமல் அப்படியே சேமிக்கும் ஃபைல்) எடுங்கள். தரையில் விரித்த பச்சை மேட்டின் நிறம் முகத்தில் ஏறியிருந்தால் பிறகு சரிசெய்யலாம்.

ஆள் நகர நகர ஃபோகஸும் கூடவே போகும் முறையில் வையுங்கள், கேனானில் அதற்கு ஏ.ஐ. சர்வோ, நிக்கான், சோனியில் ஏ.எஃப்-சி என்று பெயர். கேமராவையே இடம் தேர்வு செய்ய விட்டால் அது வலையைப் பிடித்துக்கொள்ளும். நடுப்புள்ளியை நெஞ்சில் வைத்து ஆளோடு கூடவே நகருங்கள்.

சில படம் மட்டும் இருட்டாகவோ மஞ்சளாகவோ வந்தால் கேமராவில் கோளாறு என்று நினைக்காதீர்கள். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். பல விளக்குகள் வினாடிக்கு 100 தடவை மங்கிப் பிரகாசிக்கும். விளக்கு பிரகாசிக்கும் கணம் பார்த்துப் படமெடுக்கும் ஆன்ட்டி ஃப்ளிக்கர் வசதி இருந்தால் போடுங்கள், இல்லையென்றால் ஒரே அடிக்கு நாலைந்து படம் எடுத்து நல்லதைப் பொறுக்குங்கள். சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டர் வேண்டாம், படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். ஃப்ளாஷ் கூடவே கூடாது. பறந்து வரும் இறகுப்பந்தை (காக்) பார்க்கும் பிள்ளையின் கண் கூசும்.

உட்காரும் இடம்தான் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். வலைக் கம்பத்தைத் தாண்டி, நீங்கள் எடுக்கப்போகும் ஆள் ஆடும் கோர்ட் பாதிக்கு நேராக, கோட்டுக்கு வெளியே தரையில் உட்காருங்கள். நடுவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். விளக்கு நேர் உச்சியில் இருப்பதால், ஆள் நேராகப் பார்க்கும்போது கண்குழியில் நிழல் விழும். மேலே வரும் காக்குக்காக அண்ணாந்து பார்க்கிறார் பாருங்கள், அந்தக் கணத்தில் நெற்றி, கண், கன்னம் எல்லாவற்றிலும் வெளிச்சம் வந்து உட்காரும். இடது கை மேலே நீளும், வலது முழங்கை பின்னால் போகும், வாய் லேசாகத் திறக்கும். பேட் இறகுப்பந்தைத் தொடும்வரை காத்திருக்காமல் முழங்கை பின்னால் போகும்போதே அழுத்தத் தொடங்குங்கள்.

அடுத்த ஆடியில் அந்த அம்மாவின் மகள் மறுபடி ஆட வந்தாள். 85 மி.மீ., எஃப் 2.2, 1/1000, ஐ.எஸ்.ஓ. 5000. காக் அவள் நெற்றிக்கு மேலே, இறகு இறகாகத் தெரிகிறது. பன்னிரண்டுக்குப் பதினெட்டு அங்குலத்தில் பிரின்ட் போட்டுக் கொடுத்தேன்.