புளியங்கொட்டை ஓட்டு: நிதியைப் பெண் பிள்ளைகளே பங்கிடும் முறை

பணம் கொடுப்பவரே பயனாளியையும் பொறுக்கினால், திட்ட அறிக்கை அழகாக எழுதத் தெரிந்தவர்களுக்கே அது போய்ச் சேரும். ஃப்ரிடா என்ற இளம் பெண்ணிய நிதியத்தில் விண்ணப்பித்த குழுக்களே மற்றவர்களின் விண்ணப்பங்களைப் படித்து ஓட்டுப் போடுகின்றன. வேலூர் பக்கம் 1,50,000 ரூபாய் இருந்தாலே இதைப் போன்ற ஒன்றைத் தொடங்கலாம்.

முதலில் பணம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். வெளிநாட்டு நன்கொடையை இன்னொரு அமைப்புக்கு மாற்றித் தர வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020ஆம் ஆண்டுத் திருத்தம் தடை போட்டுவிட்டது. உள்நாட்டுப் பணம்தான் இதற்குச் சரி.

அதில் 18,000 ரூபாயைப் பஸ் செலவு, சாப்பாடு, வேலைக்குப் போகாத நாளின் கூலி ஆகியவற்றுக்கு எடுத்துவையுங்கள். இதை விட்டால் காட்பாடி கல்லூரி மாணவிகள் மட்டுமே வருவார்கள். மீதியில், விண்ணப்பிக்கும் பெண்கள் குழுக்களில் ஆறுக்குத் தலா 22,000.

அந்த ஆறையும் ஓட்டுப் போட்டுப் பொறுக்கும் தேர்வுக் குழுவுக்கு 18 முதல் 25 வயதுள்ள எட்டுப் பேர்: பேரணாம்பட்டு, குடியாத்தம், பீஞ்சமந்தை மலை, வேலூர் நகரம் என இடத்துக்கு இரண்டு பேர். தனியாக வந்தவள் வாயே திறக்கமாட்டாள். தலித், பழங்குடி, முஸ்லிம் பெண்கள் இல்லாமல் குழுவை அமைக்காதீர்கள்.

விண்ணப்பம் ஒரு பக்கம், அல்லது மூன்று நிமிட வாட்ஸ்அப் குரல்பதிவு. உருது, தெலுங்கிலும் வரட்டும்.

தேர்வு நாள் ஞாயிறு, பத்து மணி முதல் இரண்டு மணி வரை. "இருட்டுறதுக்குள்ள வந்துடு" என்று வீட்டில் சொல்லித்தானே அனுப்புகிறார்கள்! கை தூக்கச் சொல்லாதீர்கள். கூட்டம் நடத்தும் அக்கா முகத்தைப் பார்த்தே பாதிக் கைகள் எழும். ஆளுக்குப் பத்துப் புளியங்கொட்டை கொடுங்கள். திரைக்குப் பின்னால் விண்ணப்பத்துக்கு ஒரு சொம்பு, வாயில் துணி கட்டி நடுவில் சிறு ஓட்டை. ஒரு சொம்பில் மூன்றுக்கு மேல் போடக்கூடாது. இல்லாவிட்டால் பத்தும் தோழியின் சொம்புக்கே போகும். சொந்தக்காரர் விண்ணப்பம் பேச்சுக்கு வரும்போது அந்தப் பெண் வெளியே போகவேண்டும். அந்தச் சொம்பில் அவள் கொட்டையும் விழக்கூடாது. ஆறாவது இடத்துக்குச் சமன் வந்தால் அந்த இரண்டுக்கு மட்டும் மறுபடி பேசி, மறுபடி ஓட்டு.

பணம் தரும் அறக்கட்டளையின் அறங்காவலர்கள், தேர்வான குழுக்களின் பட்டியலில் சட்டச் சிக்கல் உண்டா என்று மட்டும் பார்க்கலாம், பெயரை மாற்றக்கூடாது. இதை விண்ணப்பம் கேட்பதற்கு முன்பே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பெரும்பாலும் இங்கேதான் எல்லாம் கெடும்.

பணத்தைத் தலைவியின் அண்ணன் கணக்கில் போடாதீர்கள். குழுப் பெயரில் இருவர் கையெழுத்திடும் கணக்கு வேண்டும். வங்கியில் இழுத்தடிப்பார்கள், ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள். முதலில் 15,000, செலவுக் கணக்கு வந்தபின் 7,000. ஆட்டோவுக்கு ரசீது கிடைக்காது, கையெழுத்திட்ட வவுச்சர் போதும்.

கிடைக்காத குழுக்களுக்கு ஒரு வாரத்துக்குள் தேர்வுக் குழுப் பெண் ஒருத்தியே போன் செய்து காரணத்தைச் சொல்லட்டும்.