இங்கிலாந்தில் கட்டட வேலைத் தகராறா? இந்தத் தவறுகள் வேண்டாம்

கட்டட வழக்கு என்றதும் சுவர் விரிசலையும் மட்டமான வேலையையும் பற்றித்தான் பேச்சு ஓடும். இங்கிலாந்தில் பல வழக்குகள் அந்தக் கட்டம் வருவதற்கு முன்பே, ஒரு தேதியைத் தவறவிட்டதாலோ ஒரு வாக்குமூலம் எழுதப்பட்ட மொழியாலோ சறுக்கிவிடுகின்றன.

முதலில் பணம். ஒப்பந்தக்காரர் அனுப்பும் பில் அதிகம் என்று தோன்றினால், போனில் "இந்த வேலைக்கு இவ்வளவெல்லாம் தர முடியாது" என்று சொன்னால் போதாது. எவ்வளவு தருவீர்கள், அதை எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று 'பே லெஸ் நோட்டீஸ்' எழுத்தில் போக வேண்டும். ஒப்பந்தம் வேறு கெடு சொல்லாவிட்டால், பணம் தரவேண்டிய கடைசி நாளுக்கு 7 நாள் முன்பே போயிருக்க வேண்டும். 1996 கட்டுமானச் சட்டத்தின் ஏற்பாடு இது. நோட்டீஸைத் தவறவிட்டால், முறையாகக் கேட்ட தொகையை முதலில் கட்டுங்கள், உண்மை மதிப்பை அப்புறம் வாதாடலாம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018இல் சொல்லிவிட்டது. பில் அனுப்புகிறவருக்கும் இதில் பாடம் உண்டு: கணக்கின் அடிப்படை இல்லாத மொட்டைத் தொகை செல்லாமல் போகலாம்.

அடுத்தது அட்ஜுடிகேஷன் (நீதிமன்றத்துக்கு வெளியே ஒரு நடுவர் விரைவாக முடிவு சொல்லும் முறை) கடிதத்தை மேசையில் போட்டு வைப்பது. தகராறு நடுவரிடம் ஒப்படைக்கப்பட்டு பொதுவாக 28 நாளில் முடிவு வந்துவிடும். எதிர்த்தரப்பு அதை எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம், உங்கள் விடுமுறைக்காகக் காத்திருக்காது. முடிவு தப்பாகவே இருந்தாலும் நீதிமன்றம் பெரும்பாலும் அதை அமல்படுத்தும். தாங்கள் குடியிருக்கும் வீட்டில் வேலை வாங்குகிறவர்களுக்கு மட்டும், ஒப்பந்தத்தில் எழுதாதவரை, இந்த 1996 சட்டம் பொருந்தாது.

"எழுதிக் கையெழுத்துப் போடவில்லையே" என்ற தைரியமும் வேண்டாம். நாரிச் நகரில் ஒரு இடிப்பு வேலை வழக்கில் வாட்ஸாப் செய்திகளே ஒப்பந்தம் என்று 2025இல் தீர்ப்பானது.

இனி, அதிகம் பேர் கவனிக்காத விஷயம். சாட்சி தமிழிலோ போலிஷிலோ சிந்திக்கிறவர் என்றால், அவருடைய வாக்குமூலத்தை அந்த மொழியிலேயே தயாரிக்க வேண்டும் என்கின்றன நீதிமன்ற விதிகள். மொழிபெயர்ப்பாளர் மொழிபெயர்ப்பு சரி என்று சான்றளிக்க வேண்டும், மூலமும் கோப்பில் சேர வேண்டும். "அவருக்கு ஓரளவு இங்கிலீஷ் வரும்" என்று அழகான ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குவது ஆபத்து. 2022இல் ஒரு விபத்து வழக்கில், போர்ச்சுகீசு பேசுகிறவரின் ஆங்கில வாக்குமூலம் ஏற்கப்படாமல் போனதை உயர் நீதிமன்றமும் சரி என்றது.

உங்கள் மொழி தெரிந்த பாரிஸ்டர் (நீதிமன்றத்தில் வாதாடும் வழக்கறிஞர்) கிடைத்தால் நல்லதுதான், கதையை நேரடியாகச் சொல்லலாம். ஆனால் அவரையே மொழிபெயர்ப்பாளராகவும் நினைக்காதீர்கள். வாதாடுகிறவரே மொழிபெயர்ப்புக்குச் சாட்சியாக நிற்க முடியாது. தனி ஆளுக்குப் பணம் ஒதுக்குங்கள். 2004 முதல் சொலிசிட்டர் (வழக்கின் ஆவண வேலைகளைக் கவனிக்கும் வழக்கறிஞர்) இல்லாமலே பாரிஸ்டரை அணுகலாம் என்றாலும், வழக்கை நடத்தும் அனுமதி தனியாகப் பெறாதவர் மனுத் தாக்கல் செய்ய மாட்டார். அந்த வேலை உங்கள் தலையில்தான். இதை முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்.

ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ் செய்திகளை யாரும் படிக்க மாட்டார்கள் என்று மறைப்பவர்களும் உண்டு. ஆவணம் எந்த மொழியில் இருந்தாலும், உங்களுக்குப் பாதகமாக இருந்தாலும், எதிர்த்தரப்புக்கு வெளிப்படுத்தும் கடமை கடமைதான். சங்கடமான செய்திகளை எதிர்த்தரப்பு கண்டுபிடிப்பதற்கு முன் உங்கள் பாரிஸ்டரிடம் காட்டிவிடுங்கள்.