ஜப்பானியப் பேரரசின் போர்ப் பதக்கங்கள்: சேகரிப்பைத் தொடங்குவது எப்படி?

முதலில் ஆண்டைப் படிக்கப் பழகுங்கள்; வாங்குவதெல்லாம் அதற்குப் பிறகுதான். இப்பதக்கங்களில் பெரும்பாலும் பேரரசரின் ஆட்சியாண்டே பொறிக்கப்பட்டிருக்கும். மெய்ஜி, தைஷோ, ஷோவா என்பவை அடுத்தடுத்த மூன்று பேரரசர்களின் ஆட்சிக்காலப் பெயர்கள். மெய்ஜி ஆண்டுடன் 1867, தைஷோ ஆண்டுடன் 1911, ஷோவா ஆண்டுடன் 1925 என்று கூட்டினால் நமக்குப் பழக்கமான ஆண்டு கிடைக்கும். எண்களும் கடினமல்ல: ஒன்று முதல் மூன்று வரை அத்தனை கிடைக்கோடுகள், பத்து ஒரு கூட்டல் குறி, எட்டு என்பது இருபுறமும் சரிந்திறங்கும் இரண்டு கோடுகள்.

அடுத்து, முதல் பதக்கமாக ரஷ்ய-ஜப்பானியப் போர்ப் பதக்கத்தைத் தேடுங்கள். ஏராளமான வீரர்களுக்கு வழங்கப்பட்டதால் அசல் பதக்கம் இன்றும் எளிதில் கிடைக்கிறது. முன்புறம் தரைப்படை, கடற்படைக் கொடிகள் குறுக்காக நிற்க, மேலே பேரரசரின் செவ்வந்திச் சின்னம் இருக்கும். பின்புறத்தில் மூன்று கோடுகள், கூட்டல் குறி, ஏழு, எட்டு ஆகியவற்றைக் கண்டால் அது மெய்ஜி 37-38, அதாவது 1904-05. லென்ஸை வைத்துச் செவ்வந்தியின் 16 இதழ்களை எண்ணிப் பாருங்கள்; அச்சில் அடித்த அசலில் இதழ்கள் தனித்தனியாகத் தெரியும், வார்த்தெடுத்த போலியில் அவை மழுங்கி, பரப்பில் சிறு குழிகள் காணப்படும்.

தரைப்போர் பெரும்பாலும் சீனாவின் மஞ்சூரியாவில் நடந்தது. எந்தப் போர், யாருடைய மண்ணில் நடந்தது என்பதை ஒவ்வொரு பதக்கத்துக்கும் ஓர் அட்டையில் எழுதி வையுங்கள். அந்த அட்டை இல்லாத சேகரிப்பை நான் முழுமையானதாகக் கருதுவதில்லை.

இதன் பிறகே விருதுச் சின்னங்களுக்குச் செல்லலாம். 1875இல் நிறுவப்பட்ட உதயசூரியன் விருதின் ஏழாம், எட்டாம் நிலைகள் தொடக்கத்துக்கு ஏற்றவை. இரண்டுமே கிரி (பவுலோனியா) மர இலை வடிவின. ஏழாவதில் எனாமல் பூச்சு உண்டு, எட்டாவது வெறும் வெள்ளி. சின்னமும் பெட்டியும் மாறிப்போவது வழக்கம் என்பதால், மூடியில் எழுதியுள்ள நிலை எண்ணை ஒப்பிட்டுப் பார்த்த பிறகே விலை பேசுங்கள். எனாமலைச் சாய்வான ஒளியில் திருப்பினால் மயிரிழை விரிசலும் கண்ணுக்குத் தெரியும். பெற்றவரின் பெயர் எழுதிய விருதுப் பத்திரம் உடன் வந்தால் இரண்டையும் ஒருபோதும் பிரிக்காதீர்கள்.

1890 முதல் 1947 வரை படையினருக்கு மட்டுமே வழங்கப்பட்ட பொற்பருந்து விருதுக்குக் கண் நன்கு பழகும்வரை காத்திருங்கள். 1944இல் உருவான பெருங்கிழக்காசியப் போர்ப் (இரண்டாம் உலகப் போரில் தான் ஆசிய-பசிபிக் பகுதியில் நடத்திய போருக்கு ஜப்பான் வைத்த பெயர்) பதக்கம் பெரும்பாலும் அழிக்கப்பட்டுவிட்டது; மலிவாகக் கிடைப்பதை நம்ப வேண்டாம்.

வாங்கியதை மெருகேற்றாதீர்கள், நாடாவைத் துவைக்காதீர்கள். பிவிசி உறைகளைத் தவிர்த்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வெயில் படாத இழுப்பறையில் வையுங்கள்.