காற்றின் மேல் பழி போடாதீர்கள்: முதல் ஆர்.சி. விமானத்தைக் கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் ஆர்.சி. (ரிமோட்டில் பறக்கிற) விமானம் மூக்கு குத்தி விழுந்ததும் எல்லோரும் சொல்கிற காரணம் ஒன்றுதான்: “திடீர்னு காத்து அடிச்சிருச்சு.” நானும் சொன்னேன். உடைந்த துண்டுகளை வீட்டுக்கு அள்ளிவந்து பேட்டரியை மாட்டிப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. எய்லரான்கள் (விமானத்தை இடம் வலமாகச் சாய்க்கிற, இறக்கையின் பின்விளிம்பு மடல்கள்) தலைகீழாக வேலை செய்துகொண்டிருந்தன. அந்த விமானம் முந்தின இரவு என் மேசையிலேயே விழுந்துவிட்டது.

புதியவர்கள் பெரும்பாலும் கட்டுவது இறக்கை மேலே அமைந்த ஃபோம் விமானம். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சுமார் ஒரு மீட்டர், மூன்று செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி. அதை வைத்தே சொல்கிறேன்.

முதலில் பசை. தெர்மாகோலில் சாதாரண சூப்பர் க்ளூவைத் தொட்டால் ஒட்டாது, அரித்துக் குழியாக்கிவிடும். ஃபோமுக்கென்றே விற்கிற வகையை வாங்குங்கள். எதுவானாலும் முதலில் வெட்டி எறிந்த துண்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். க்ளூ கன் நல்லதுதான், ஆனால் அதிகம் சூடேறினால் ஃபோம் உருகும். அதைவிட, பயத்தில் வாலில் அப்பி வைக்கிற பசைதான் பெரிய தொல்லை. எடைமையத்துக்கு (விமானம் மட்டமாகத் தாங்கி நிற்கிற புள்ளிக்கு) 50 செ.மீ. பின்னால் 10 கிராம் கூடினால், 20 செ.மீ. முன்னால் இருக்கிற மூக்கில் 25 கிராம் வைத்துத்தான் சரிக்கட்ட முடியும். மொத்தம் 35 கிராம் சும்மா சுமக்க வேண்டும்.

எடைமையம் என்றேன். ஹாபிக்காரர்கள் சி.ஜி. என்பார்கள். புதியவர்கள் அதிகம் அலட்சியம் செய்வதும், விமானத்தை அதிகம் உடைப்பதும் இதுதான். இறக்கையின் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை அளந்து, முன்பக்கமிருந்து கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் நடுவே சி.ஜி. இருக்க வேண்டும். 18 செ.மீ. இறக்கை என்றால் 4.5 முதல் 6 செ.மீ.க்குள். இரண்டு பக்கமும் அந்த இடத்தில் மார்க்கரால் கோடு போட்டு, இறக்கைக்கு அடியில் இரு விரல்களால் தாங்குங்கள். மட்டமாக நிற்க வேண்டும், அல்லது மூக்கு லேசாகத் தாழலாம். மூக்கு கனத்தால் விமானம் மந்தமாகப் பறக்கும், இறங்கும்போது வேகம் கேட்கும், சமாளித்துவிடலாம். வால் கனத்தால் மூக்கு தூக்கிக்கொண்டே போகும், டிரான்ஸ்மிட்டர் (கையிலிருக்கிற ரிமோட்) குச்சியைத் தொட்டால் துள்ளும். கை பழகாதவரால் அதைத் தரைக்குக் கொண்டுவர முடியாது. இதைச் சரிசெய்ய முதலில் பேட்டரியை முன்னால் நகர்த்துங்கள். ஈயக்கட்டி கடைசி வழி.

சர்வோவில் (மடல்களை அசைக்கிற சின்ன மோட்டார்) எல்லோரும் செய்கிற தவறு, மின்சாரம் கொடுக்காமலே கையை (அந்தச் சின்ன வெள்ளைப் பிளாஸ்டிக் துண்டை) நேராக வைத்துத் திருகிவிடுவது. பேட்டரி மாட்டியதும் அது ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். முதலில் டிரான்ஸ்மிட்டரையும் விமானத்திலிருக்கிற ரிசீவரையும் ஆன் செய்து, குச்சிகளையும் டிரிம்மையும் (நடுநிலையைச் சற்றே திருத்துகிற பொத்தான்) நடுவில் வைத்து, அப்புறம் மாட்டுங்கள். சர்வோவையும் எலிவேட்டரையும் (மூக்கை ஏற்றி இறக்குகிற வால் மடல்) இணைக்கிற கம்பியைச் சர்வோ பக்கம் உள் துளையிலும், எலிவேட்டர் பக்கம் வெளித் துளையிலும் கோத்தால் அசைவு குறையும். புதுக் கைக்கு அதுதான் வேண்டும்.

இனி என்னைக் கவிழ்த்த தவறு. விமானத்தின் முகத்துக்கு எதிரே உட்கார்ந்து சோதித்தால் இடம் வலம் மாறிப்போகும். வாலுக்குப் பின்னால் நில்லுங்கள். குச்சியை வலப்பக்கம் தள்ளினால் வல எய்லரான் மேலே எழ வேண்டும், இடது கீழே இறங்க வேண்டும். எலிவேட்டர் குச்சியை உங்கள் பக்கம் இழுத்தால் எலிவேட்டர் மேலே எழ வேண்டும். ரடர் (வாலில் நிமிர்ந்து நிற்கிற மடல்), குச்சி போகிற பக்கம் திரும்ப வேண்டும். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே பாருங்கள். வீட்டில் சிரித்தால் சிரிக்கட்டும்.

மோட்டார் லேசாகக் கீழ்நோக்கியும் வலப்பக்கமாகவும் சாய்ந்திருந்தால், “கோணலா இருக்கே” என்று நேராக்கிவிடாதீர்கள். வேண்டுமென்றே வைத்த சாய்வு அது. திராட்டிலை (மோட்டார் வேகத்தை)க் கூட்டும்போது மூக்கு எழுவதையும் இடப்பக்கம் இழுப்பதையும் அது கட்டுப்படுத்துகிறது. மோட்டார் எதிர்த்திசையில் சுற்றினால் மூன்று ஒயர்களில் எவையேனும் இரண்டை மாற்றிச் சொருகினால் போதும். புரொப்பெல்லரில் எழுத்து அச்சிட்ட முகம் விமானம் போகிற திசையைப் பார்க்க வேண்டும். ஆனால் அதை மாட்டுவது எல்லாச் சோதனையும் முடிந்த பிறகு, கடைசியாக. மேசை மேல் புரொப்பெல்லரோடு மோட்டாரை ஓட்டிப் பார்ப்பவர் விரலைப் பணயம் வைக்கிறார். டிரான்ஸ்மிட்டரை அணைத்தால் மோட்டார் தானாக நிற்கிறதா என்பதையும் புரொப்பெல்லர் இல்லாமலே பார்த்துவிடலாம்.

இறக்கையை ரப்பர் பேண்டால் கட்டச் சொல்லியிருந்தால் கட்டத்தான் வேண்டும். “நல்லா நிக்கட்டும்” என்று பசை போட்டு ஒட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். இடிபடும்போது ரப்பர் விட்டுக்கொடுக்கும், இறக்கை கழன்று தப்பும். ஒட்டியது உடலையும் சேர்த்துக் கிழிக்கும்.

லிப்போ பேட்டரி செல்லுக்கு 4.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். உப்பியது எவ்வளவு விலையானாலும் வேண்டாம்.

கடைசியாக ஒன்று. சி.ஜி. பார்த்தபோது எந்தப் பேட்டரி, எந்த இடத்தில் இருந்ததோ, அதைச் சுற்றி மார்க்கரால் கட்டம் போட்டு வையுங்கள். திடலில் நண்பர் பாசத்தோடு தன் பெரிய பேட்டரியை நீட்டுவார். மாட்டினால் விரல்களில் தாங்குகிற வேலையை முதலிலிருந்து செய்ய வேண்டும்.