படகு போகும் நாளிலும் போகாத நாளிலும்: அன்றாடச் செபத்தைத் தொடங்குவது எப்படி?

பாம்பன், தங்கச்சிமடம், ஓலைக்குடா, மூக்கையூர் என்று நம் கடற்கரைக் கிறிஸ்தவ வீடுகளில் செபம் தெரியாதவர் இல்லை. இயேசு கற்பித்த பரலோக மந்திரத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். திருவிழாக் கொடியேறிவிட்டால் ஒன்பது நாள் நவநாள் செபத்துக்கு ஊரே கோவிலில் இருக்கும். ஆனால் திருவிழா இல்லாத ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை காலையில் செபித்தீர்களா என்று கேட்டால், "எங்கே நேரம்?" என்பதுதான் பெரும்பாலும் பதில்.

நேரம்தான் காரணம் என்றால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கும் 61 மீன்பிடித் தடைக்கால நாட்களில் வீடுகளில் செபம் பெருகியிருக்க வேண்டும். பெருகுகிறதா? படகுக்குப் பெயிண்ட் அடிக்கிறோம், வலை பழுது பார்க்கிறோம், பட்டறைக்கும் வீட்டுக்கும் நடக்கிறோம். செபம் முன்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது. மிஞ்சுகிற நேரத்தில் செபிக்கலாம் என்று இருப்பவருக்கு நேரம் மிஞ்சுவதே இல்லை. இயேசுவின் வழக்கத்தைப் பாருங்கள். கப்பர்நாகூமில் மாலை முழுவதும் நோயாளிகளோடு ஊரே வாசலில் கூடி நின்றது. மறுநாள் இருட்டோடு எழுந்து தனிமையான இடத்துக்குப் போய்ச் செபித்தார் (மாற்கு 1:35). சீடர் சீமோன் தேடி வந்து, "எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள்" என்றார். அத்தனை பேர் தேடும்போதும் அவர் முதலில் தந்தையிடம்தான் போனார்.

இனி செய்முறைக்கு வருவோம்.

முதல் படி: கடிகாரத்தை விடுங்கள், ஒரு வேலையைப் பிடியுங்கள்

காலை ஐந்து மணிக்கு எழுந்து செபியுங்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். இராமநாதபுரத்தில் அலுவலகம் போகிறவருக்கு அது சரிப்படும். கடலோடு பிழைப்பவருக்கு ஐந்து மணி என்பது ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி. கடலுக்குப் போக மீன்வளத் துறையின் அனுமதி டோக்கன் கிடைத்த நாளில் புறப்பாடு, மறுநாள் காலையில் கரை, ஏலம், பகலில் தூக்கம். மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று ஓங்கினால் எல்லாமே மாறும். மணி பார்த்துத் தொடங்கும் செபம் ஒரு வாரத்தில் நின்றுபோவதற்கு இதுதான் காரணம். பக்திக் குறைவு அல்ல.

எனவே நீங்கள் தவறாமல் செய்கிற ஒரு வேலையைத் தேர்ந்தெடுத்து, அதற்கு முன்னால் செபத்தை வையுங்கள். படகில் போகிறவர் என்றால் இன்ஜினை ஓட விடுவதற்கு முன்பு. மீன் விற்கப் போகிறவர் என்றால் கூடையைத் தூக்குவதற்கு முன்பு. வீட்டில் இருப்பவர் என்றால் அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்பு. கரையில் இருக்கும் நாளுக்கும் ஒரு வேலை வேண்டும். முகம் கழுவுவது, முதல் தேநீர் என்று எதுவானாலும் சரி.

பாம்பனை அடுத்த சின்னப்பாலம் பக்கம் கடற்பாசி எடுக்கப் போகும் பெண்களைக் கவனித்திருப்பீர்கள். பாறை கிழிக்காமல் இருக்க, தண்ணீரில் இறங்கும் முன் விரல்களில் துணி சுற்றிக்கொள்வார்கள். அவசரமாகச் செய்ய முடியாத வேலை அது. ஒவ்வொரு விரலாகத்தான் சுற்ற வேண்டும். ஒரு விரலுக்கு ஒரு பெயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரலுக்கு வீட்டுக்காரர், அடுத்ததற்கு மகள், அதற்கடுத்து மருத்துவமனையில் இருக்கும் மாமியார், பேச்சுவார்த்தை நின்றுபோன பக்கத்து வீட்டுக்காரி. கடைசி முடிச்சு விழும்போது பத்துப் பேருக்காக மன்றாடி முடித்திருப்பீர்கள். இதற்காகத் தனியாக ஒரு நிமிடமும் ஒதுக்கவில்லை.

மூவேளை செபத்துக்குக் காலை, நண்பகல், மாலை எனக் கோவிலில் அடிக்கும் மணியும் வேலையில் இருப்பவருக்கு உதவுகிறது. 1542-இல் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையான முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார் கைமணியை அடித்தபடி தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். செபங்களைத் தமிழில் மனப்பாடமாகக் கற்றுக் கொடுத்தார். கை வேலையில் இருக்கும்போதும் வாய் சொல்லக்கூடியது மனப்பாடச் செபம். அதைக் குறைவாக எண்ணாதீர்கள்.

இரண்டாம் படி: இடம்

தனி அறை வேண்டாம். திருப்படத்துக்கு முன் ஒரு பாய், இல்லையென்றால் படகின் முன்பக்கமான அணியத்தில் ஓர் ஓரம் போதும். தினமும் அதே இடமாக இருக்கட்டும். கைப்பேசி அங்கே வரக்கூடாது. இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மூன்றாம் படி: பத்து நிமிடத்தில் என்ன செய்வது?

புதிதாகத் தொடங்குகிறவர் திணறுவது இங்கேதான். சிலுவை அடையாளம் போட்டதும் சொல்ல ஒன்றுமில்லாமல் போகும்.

முதலில் பேசாமல் உட்காருங்கள். மூச்சு சீராகட்டும். "ஆண்டவரே, வந்திருக்கிறேன்" என்றால் போதும். அடுத்து நற்செய்தியில் நாலைந்து வரிகள். அதற்கு மேல் வேண்டாம். மாற்கு நற்செய்தியில் தொடங்குவது நல்லது. சிறியது; படகும் வலையும் கரையும் நமக்குத் தெரிந்த உலகம். படித்ததில் மனத்தில் நின்ற ஒரு சொல்லை இரண்டு மூன்று முறை சொல்லிப் பாருங்கள்.

பிறகு சொந்தப் பேச்சு. "உலகில் அனைவரும் நலமாக இருக்க வேண்டும்" என்று தொடங்காதீர்கள். டீசல் விலை, வியாபாரியிடம் வாங்கிய முன்பணம், மகனின் தேர்வு, நேற்று கணவரிடம் கத்தியது என்று நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். நேற்றைய நாளில் கிடைத்த ஒன்றுக்காக நன்றி கூறுங்கள். கடைசியில் பரலோக மந்திரத்தை மெதுவாக ஒருமுறை சொல்லி எழுந்துவிடுங்கள். மேலும் உட்காரத் தோன்றினாலும் முதல் மாதம் இதோடு நிறுத்துங்கள். நீட்டிப்பதைவிட, நாளைக்குத் திரும்பி வருவது முக்கியம்.

நான்காம் படி: செபிக்க மனம் வராத நாள்

படகைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள், ஆட்கள் இலங்கைச் சிறையில் இருக்கிறார்கள் என்று செய்தி வந்த வீட்டில் எந்தச் செபத்தைச் சொல்வது? அழகான சொற்களைத் தேடாதீர்கள். எதுவரை என்னை மறந்திருப்பீர் என்று கேட்கும் 13-ஆம் திருப்பாடலைத் திறந்து வாய்விட்டுப் படியுங்கள். புயலில் சீடர்கள் இயேசுவை எழுப்பி, நாங்கள் சாகப்போவது உமக்குக் கவலையில்லையா என்றுதான் கேட்டார்கள். மாற்கு எழுதியபடி, அவர் முதலில் அதட்டியது காற்றைத்தான். சீடர்களிடம் பேசியது அதற்குப் பிறகு. கோபத்தோடு வருகிற செபமும் செபம்தான்.

ஓரியூரில் 1693 பிப்ரவரி 4 அன்று வெட்டப்படுவதற்கு முன், போர்ச்சுகலிலிருந்து வந்த மறைப்பணியாளர் புனித அருளானந்தர் முழந்தாளிட்டுச் செபித்தார். வாள் வரும் வேளையில் செபம் புதிதாக வந்து நிற்பதில்லை. அவருக்கு அது அன்றாடப் பழக்கமாக இருந்தது.

ஐந்தாம் படி: தவறிய நாள்

விட்டுப்போனதை மறுநாள் இரட்டிப்பாக்க வேண்டாம். அது கடன் அல்ல. காலையில் தவறினால் மதியம் சோற்றுத் தட்டின் முன் ஒரு நிமிடம். அதுவும் தவறினால் படுக்கும் முன். திரும்பத் தொடங்குவதற்கு ஞாயிறுவரை காத்திருக்காதீர்கள்.

ஆறாம் படி: வீட்டார்

உங்கள் செபம் ஓரளவு நிலைத்த பிறகு பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எடுத்த எடுப்பில், பத்துப் பத்தாக ஐந்து முறை அருள்நிறைந்த மரியே சொல்லும் முழுச் செபமாலை என்றால் சின்னவன் இரண்டாம் பத்திலேயே தூங்கிவிடுவான். ஒரு பத்து சொல்லுங்கள். அப்பா கடலில் இருக்கும் இரவில் அவர் பெயரையும் கூடப் போயிருப்பவர்களின் பெயர்களையும் பிள்ளையே சொல்லட்டும். எத்தனை மணிக்கு வீட்டில் செபம் நடக்கும் என்பதைப் புறப்படும்போதே அவரிடம் சொல்லி அனுப்புங்கள். வலை இழுக்கும் நேரமாக இருந்தாலும் அவர் அங்கே ஒரு அருள்நிறைந்த மரியே சொல்லலாம். தவக்காலம் வரும்போது ஒரு பத்தை இரண்டாக்கிக்கொள்ளலாம்.