நண்பனை நம்பிக்கை மையத்துக்கு அழைத்துப் போவது எப்படி?

தஞ்சாவூரிலிருந்து திருவாரூர் வரை எந்த பஸ்ஸில் ஏறினாலும் "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்க ஒருவராவது இருப்பார். எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொள்ள நினைக்கும் இருபது வயதுக்காரருக்கு ஊசியைவிட இந்தக் கேள்விதான் பயம். அதனால்தான் துணைக்கு ஆள் தேவைப்படுகிறது. "கூட வர்றியா மச்சான்?" என்று உங்களிடம் ஒருவன் கேட்டால் என்ன செய்வது?

முதலில், யாரோடு, எப்போது, எப்படி என்று துருவாதீர்கள். "சரி, போலாம்" போதும். ஒன்றை மட்டும் கேளுங்கள்: தொற்றும் ஆபத்து நேர்ந்து எத்தனை நாள் ஆயிற்று? மூன்று நாளுக்குள், அதாவது 72 மணி நேரத்துக்குள் என்றால் பரிசோதனைக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே அரசு மருத்துவமனை மருத்துவரைப் பார்க்க வேண்டும். தொற்றைத் தடுக்க 28 நாள் சாப்பிடும் மாத்திரை உண்டு. தேவையா என்று அவர் சொல்வார். நேரம் தாண்டினால் அது பயன்படாது.

அப்புறம் இடம். அரசு மருத்துவமனைகளில் இருக்கும் ஆலோசனை, பரிசோதனை மையத்துக்குத் தமிழ்நாட்டில் நம்பிக்கை மையம் என்று பெயர். வாசலில் 'ஐ.சி.டி.சி.' என்றும் எழுதியிருக்கலாம். உள்ளூர் என்றால் கூச்சமா? மன்னார்குடிக்காரர் தஞ்சாவூருக்குப் போகட்டும், கும்பகோணத்துக்காரர் மயிலாடுதுறைக்குப் போகட்டும். எங்கு போனாலும் இலவசம்தான். டாக்டர் சீட்டு வேண்டாம், நேராகப் போகலாம். காலையிலேயே போய்விடுங்கள். எந்த மையம் பக்கம் என்று தெரியாவிட்டால் 1097-க்குப் போன் போடுங்கள், அதுவும் இலவசம்.

ஒரு குறுக்குவழியைக் கட்டாயம் தடுக்க வேண்டும். "ரத்ததான முகாமில் கொடுத்தால் அவங்களே டெஸ்ட் பண்ணிடுவாங்க" என்று யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டவே வேண்டாம். புதுத் தொற்று சோதனையில் சிக்காமல் போகும் நாட்கள் உண்டு. அந்த ரத்தம் இன்னொருவர் உடம்புக்குள் போய்விடும்.

மையத்தில் முதலில் ஆலோசகர் தனியாகப் பேசுவார். நீங்கள் வெளியே பெஞ்சில் உட்காருங்கள். உள்ளே கேட்கும் கேள்விகள் கொஞ்சம் வெளிப்படையாகவே இருக்கும். திட்டுவதற்காக அல்ல, ஆபத்து எவ்வளவு என்று தெரிந்துகொள்வதற்காக. உங்கள் நண்பருக்கு 18 வயது நிறைந்திருந்தால் அவர் சம்மதமே போதும். சம்மதமில்லாமல் சோதிக்கக் கூடாது, முடிவை வெளியே சொல்லக் கூடாது என்று 2017-இல் நிறைவேறிய எச்.ஐ.வி. சட்டம் சொல்கிறது. வீட்டுக்குச் சொல்லிவிடுவார்களோ என்று நடுங்குபவரிடம் இதை பஸ்ஸிலேயே சொல்லிவிடுங்கள்.

பிறகு கொஞ்சம் ரத்தம் எடுப்பார்கள். பெரும்பாலும் அன்றைக்கே முடிவு தெரியும். அதையும் ஆலோசகர் அவரிடம்தான் சொல்வார். வெளியே வந்ததும் "என்னாச்சு?" என்று கேட்காதீர்கள். அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் டீக்கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

முதல் சோதனையில் சந்தேகம் வந்தாலே எச்.ஐ.வி. என்று முடிவு கட்டுவதில்லை. மூன்று வெவ்வேறு சோதனைகளில் உறுதியாக வேண்டும். உறுதியானாலும், எச்.ஐ.வி.க்குச் சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் மாத்திரை இலவசம். தினமும் தவறாமல் சாப்பிட்டு, சோதனையில் தென்படாத அளவுக்குக் கிருமி குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவில் துணைக்குத் தொற்றாது. படிப்பு, வேலை, கல்யாணம் எதுவும் நின்றுபோக வேண்டியதில்லை.

நெகட்டிவ் என்று வந்தாலும், ஆபத்து நேர்ந்து மூன்று மாதம் ஆகவில்லை என்றால் மறுபடி ஒருமுறை போக வேண்டும். தேதியை ஆலோசகரிடம் கேட்டு அங்கேயே போனில் போட்டுவிடச் சொல்லுங்கள். அலாரத்துக்கு 'வண்டி சர்வீஸ்' என்று பெயர் வைத்தால் வீட்டில் யார் பார்த்தாலும் கவலையில்லை.