ஃபைல் சில நேரம் போகிறது, சில நேரம் நிற்கிறது: ஃபயர்வால் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக வேலைக்கு வந்தவர்கள் ஃபைல் டிரான்ஸ்ஃபர் கோளாறைத் தேடுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தால், நாங்கள் ஒரு காலத்தில் செய்த தவறுகளே திரும்ப வருகின்றன. பாஸ்வேர்டு தப்பு, டிஸ்க் நிரம்பிவிட்டது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை ஒவ்வொரு முறையும் தோற்கும், அதனால் சீக்கிரம் பிடிபடும். ஆளை அலைக்கழிப்பது, ஒரு நாள் போய் மறுநாள் நிற்கிற கோளாறுதான்.

சின்ன ஃபைல் போனதும் ஃபயர்வாலுக்கு நற்சான்று கொடுப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். எஃப்டிபி என்ற ஃபைல் அனுப்பும் முறையில் இரண்டு இணைப்புகள் உண்டு. கட்டளைகள் 21-ம் போர்ட்டில் போகும். ஃபைல் தனி இணைப்பில் போகும். பெரிய ஃபைல் ஓடிக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் கட்டளை இணைப்பில் ஒரு பைட்டும் நகராது. ஃபயர்வால் ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு கடிகாரம் வைத்திருக்கிறது. சும்மா கிடக்கும் இணைப்பைக் கெடு முடிந்ததும் தன் பட்டியலிலிருந்து நீக்கிவிடும், பெரும்பாலும் இரு பக்கத்துக்கும் தகவல் சொல்லாமலே.

ஃபைல் முழுதாகப் போய்ச் சேர்கிறது. சர்வர் 226, அதாவது ‘முடிந்தது’, என்று பதில் அனுப்புகிறது. அந்தப் பதில் நடுவழியில் தொலைகிறது. கிளையன்ட் காத்திருந்து பார்த்துவிட்டு ‘தோல்வி’ என்கிறது.

கெடு 1 மணி நேரம் என்று வையுங்கள். இரவில் 50 நிமிடத்தில் முடியும் ஃபைல் தப்பிக்கும். அதே ஃபைல் பகல் நெரிசலில் 70 நிமிடம் எடுத்தால் மாட்டும். சில நொடியில் முடிகிற சோதனை ஃபைலில் இது எப்படித் தெரியும்?

ஓர் அலுவலகத்தில் இப்படித்தான் சோதித்துவிட்டு, ‘நெட்வொர்க் சரி’ என்று முடிவு செய்து, தோற்றால் மறுபடி அனுப்பும்படி ஸ்கிரிப்ட் எழுதினார்கள். அந்தப் பக்கம் வந்த ஃபைலை வந்தவுடன் செயலாக்கும் ஏற்பாடு. ஒரே ஆர்டர் பட்டியல் இரண்டு முறை உள்ளே போயிற்று. அதைக் கையால் பிரித்தெடுத்தவர்களின் முகம் இன்னும் நினைவிருக்கிறது. ஃபயர்வால் லாகில் ‘அனுமதி’ என்றுதான் இருந்தது. அது பொய்யும் இல்லை, இணைப்பை ஆரம்பத்தில் அனுமதித்தது உண்மைதானே.

தீர்வு, டிசிபி கீப்அலைவ்: சும்மா கிடக்கும் இணைப்பில் அவ்வப்போது ஒரு சின்ன பாக்கெட் அனுப்பி அதை உயிரோடு வைக்கும் வசதி. லினக்ஸில் முதல் பாக்கெட் போகும் முன் காத்திருக்கும் இயல்பு நேரம் 7200 நொடி; அதுவும் அப்ளிகேஷன் கேட்டால்தான் இயங்கும். வழியில் உள்ள சாதனங்களில் மிகக் குறைந்த கெடு எதுவோ, அதற்கும் கீழே வையுங்கள். அமேசான் கிளவுடில் உள் சர்வர்களை இணையத்துக்கு இணைக்கும் நாட் கேட்வேயில் அந்தக் கெடு வெறும் 350 நொடி. அப்புறம், ஃபைலைத் தற்காலிகப் பெயரில் ஏற்றி, முடிந்த பிறகு பெயர் மாற்றுங்கள். மறுபடி அனுப்பும் முன் எதிர்ப்பக்கத்து ஃபைலின் அளவைப் பாருங்கள். எஸ்எஃப்டிபி என்ற வேறொரு முறையில் எல்லாமே ஒரே இணைப்பு என்பதால், ஃபைல் ஓடும்போது இந்தத் தொல்லை இல்லை.

பாசிவ் போர்ட் வரம்பை இரண்டு இடத்தில் இரண்டு விதமாக எழுதுவது

பாசிவ் முறையில், ஃபைல் இணைப்புக்கான போர்ட்டை சர்வர் ஒரு வரம்புக்குள் தேர்ந்தெடுத்துச் சொல்லும். சர்வரில் 50000 முதல் 51000 வரை, ஃபயர்வாலில் 50500 வரை. ஏறக்குறைய பாதி போகும், பாதி நிற்கும். சர்வர் அந்தப் போர்ட்டைச் சொல்லும் 227 பதிலின் கடைசி இரண்டு எண்களைப் பாருங்கள்: முதல் எண்ணை 256-ஆல் பெருக்கி இரண்டாவதைக் கூட்டினால் போர்ட் வரும். 198,10 என்றால் 50698. தோற்றவற்றை மட்டும் கணக்கிட்டால் எல்லாம் 50500-க்கு மேலே நிற்கும்.

எஃப்டிபிஎஸ்-க்கு மாறிய பிறகும் பழைய ரூலை நம்புவது

எஃப்டிபிஎஸ் என்பது எஃப்டிபி-யின் குறியாக்க வடிவம். கட்டளை குறியாக்கமாகிவிட்டால், முன்பு போல ஃபயர்வாலால் போர்ட் எண்ணைப் படித்துத் திறக்க முடியாது. வரம்பை நீங்களே திறந்துவிடுங்கள்.

ஐசிஎம்பி-யை மொத்தமாக அடைப்பது

ஐசிஎம்பி என்பது நெட்வொர்க் சாதனங்கள் பிழைச் செய்தி சொல்லும் வழி. அதை அடைத்தால் லாகின் ஆகும், சின்னப் பட்டியல் வரும், பெரிய பாக்கெட் கிளம்பியதும் உறையும். ‘பாக்கெட் பெரிது, உடைக்க வேண்டும்’ என்று வழியிலுள்ள ரவுட்டர் அனுப்பும் செய்தி, வகை 3 குறியீடு 4, அதை நீங்கள் அடைத்துவிட்டீர்கள். டனல் (பாக்கெட்டை இன்னொன்றுக்குள் பொதிந்து அனுப்புவதால் இடம் குறையும் வழி) உள்ள பாதையில் போகும்போது மட்டும் தோற்பதால், இது தானாக வந்து போவது போலத் தோன்றும். உடைக்கக்கூடாது என்ற குறியுடன் 1472 பைட் பிங் அனுப்பிப் பாருங்கள். பதில் வராவிட்டால் அளவைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். சின்னது போய்ப் பெரியது மட்டும் தொலைந்தால் இதுதான்.

ஜோடி ஃபயர்வாலில் ஒன்றை மட்டும் பார்ப்பது

ஒன்று நின்றால் மற்றது வேலையை ஏற்கும்படி இரண்டு ஃபயர்வால் இருந்தால், உங்கள் இணைப்பு எதன் வழியாகவும் போயிருக்கலாம். இரண்டையும் பாருங்கள்.

ஒரு முனையில் மட்டும் பாக்கெட் பிடிப்பது

இரு முனையிலும் ஒரே நேரத்தில், பாக்கெட்டுகளைப் பதிவு செய்யும் டிசிபிடம்ப் கருவி ஓடவேண்டும், கடிகாரங்கள் ஒத்திருக்க வேண்டும். இங்கே கிளம்பியது அங்கே சேரவில்லை என்றால் நடுவில் யாரோ விழுங்குகிறார்கள். இணைப்பை முறிக்கும் ரீசெட் பாக்கெட் வந்தால் அதன் டிடிஎல் எண்ணையும் (ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் ஒன்று குறையும் எண்) பாருங்கள். எதிர்முனையின் மற்ற பாக்கெட்டுகளோடு அது ஒத்துப்போகாவிட்டால், அனுப்பியது எதிர்முனை அல்ல, வழியிலுள்ள சாதனம் என்றே சந்தேகப்படலாம். நெட்வொர்க் குழுவிடம் போகும்போது இந்தப் பதிவையும், இரு பக்க ஐபி, போர்ட், தோற்ற நொடி எல்லாவற்றையும் கொண்டுபோங்கள்.